கார்வேட்டிநகரச் சீமையும் எல்லைப் பிரிவினையும்

காலனிக்குப் புதிதாகக் குடிவருவோரிடம் "சொந்த ஊர் யாது?" என்று வினவுவது நம்மவர் வழக்கம். மதுரை, தஞ்சை, திருநெல்வேலி என்று விடை கூறுவோர்க்கு அதனோடு பேச்சு முடிந்துவிடும். எமக்கு அவ்வாறு முடிவதில்லை. "கார்வேட்டிநகரம்" என்று யாம் கூறிய மாத்திரத்தில், "அது ஆந்திரத்தில் அல்லவோ உள்ளது? தாங்கள் தமிழரா, தெலுங்கரா?" என்னும் இரண்டாம் வினா எழுந்து நிற்கும். பல ஆண்டுகளாக இதற்குச் சிரித்து மழுப்பியே வந்தோம். ஆண்டு விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு சங்கச் செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தமையால், அவ்வினாவுக்குரிய விடையையே சற்று விரித்து எழுதத் துணிந்தோம். யாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திப் பார்சல் கணக்கு எழுதப் புகுந்தவர். பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

எம் பாட்டனாரின் தந்தையார் பிறந்தது சென்னை இராஜதானியைச் சேர்ந்த வட ஆர்க்காடு மாவட்டத்தில். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டது. 1914-இல் எம் பாட்டனார் பிறந்தது அம்மாவட்டத்தில். எம் தந்தையார் 1954-இல் பிறந்தபோது மாவட்டம் அதுவே, மாநிலம் வேறாகிவிட்டது. அது ஆந்திர மாநிலம். யாம் பிறந்ததோ ஆந்திரப் பிரதேசத்தில். நால்வரும் பிறந்தது ஒரே வீட்டின் ஒரே அறையில்தான். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைதான் அதனைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது.

கார்வேட்டிநகரம் என்னும் பெயர், காடு வெட்டி அமைத்த நகரம் என்னும் பொருளில் வந்ததென்பர் ஊர்ப் பெரியோர். பொம்மராஜ பாளையம் என்பது இச்சீமையின் மற்றொரு பெயர். 1801-இல் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கும்பினியார் வசமான பின்னர், வேங்கடகிரி, காளஹஸ்தி ஆகியவற்றோடு இதுவும் நிரந்தரப் பேஷ்குஷ் கட்டும் ஜமீனாயிற்று. புத்தூர், திருத்தணி என்னும் இரு வட்டங்களில் ஜமீன் பரவியிருந்தது. திருத்தணி முருகப்பெருமான் குன்றும் இந்த ஜமீனின் எல்லைக்குள் அடங்கியதே என்பதை இளைஞர் பலர் அறியார்.

அரண்மனையில் தெலுங்கே கோலோச்சியது. ஊரின் நடுவே கோயில் கொண்ட வேணுகோபாலசுவாமியின் மீது சாரங்கபாணியார் பாடிய தெலுங்குப் பதங்கள் இசையுலகில் பெயர் பெற்றவை. கோவிந்தசாமய்யர், கூவனசாமய்யர் என்னும் சகோதரர் இச்சமஸ்தானத்தைச் சார்ந்து இயற்றிய வர்ணங்களை இன்றும் வித்துவான்கள் பாடுகின்றனர். அரண்மனைக்கு வெளியே வயலிலும் சந்தையிலும் தறிமேடையிலும் தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்தே ஒலித்தன. ஒரே திண்ணையில் அமர்ந்து ஒருவர் தமிழில் கேட்க, மற்றவர் தெலுங்கில் விடையிறுப்பார். இருவர்க்கும் அது விந்தையாகத் தோன்றாது. தமிழ்நாட்டின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுகின்றது. அவ்வேங்கடத்தின் அடிவாரத்து மக்கள் இரு மொழியினராய் இருந்ததில் வியப்பென்ன?

இச்சீமை இடர்களுக்குப் புதிதன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆர்க்காடு மாவட்டமும் பெரிதும் நொந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகக் கடப்பை நோக்கி இருப்புப்பாதை சென்றுவிட்டது. 1871-இல் அது இராய்ச்சூர் வரை எட்டிப் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. பஞ்சத்திற்குப் பின் எம் குலத்தில் ஒருவர் அப்பாதையில் கல் கொட்டும் கூலியாளாய்ச் சேர்ந்தார் என்பது வீட்டார் வழிவழியாகக் கூறும் செய்தி. நிலம் கைவிட்டபோது தண்டவாளம் கைகொடுத்தது. அன்று தொடங்கிய உறவே எம்மையும் இக்காலனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

இனி, யாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம்.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தால் சென்னை இராஜதானியில் ஜமீன் ஒழிப்பு வந்தது. அரண்மனைக்கு வரி கட்டிய குடியானவர் நேரே சர்க்காருக்குக் கட்டலாயினர். அம்மாறுதலை ஊரார் ஜீரணித்துக்கொள்ளு முன்னரே அடுத்த மாறுதல் வந்து சேர்ந்தது. தனி ஆந்திர மாநிலம் வேண்டிப் பொட்டி ஸ்ரீராமுலு அவர்கள் 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கி, டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். ஆந்திரப் பகுதிகளில் பெருங்கலவரம் மூண்டது. டிசம்பர் 19 அன்று பிரதமர் நேரு அவர்கள் ஆந்திர மாநிலம் அமையுமென அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அம்மாநிலம் உதயமாயிற்று. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுள் சேர்ந்தது. அறிவிப்புக்கும் உதயத்துக்கும் இடையே பத்துத் திங்கள்கூட இல்லை.

இதனை எதிர்த்து வட எல்லைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை நம் பெரியோர் அறிவர். ஊர் ஊராகத் தமிழ் வகுப்பு நடத்தித் தமிழுணர்ச்சியை வளர்த்த மங்கலங்கிழார், தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானம், திருத்தணி கே. விநாயகம் ஆகியோர் முன்னின்றனர். மங்கலங்கிழார் 1953-லேயே மறைந்தார். தம் உழைப்பின் பயனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பின்னர் எச். வி. படாஸ்கர் அவர்கள் நடுவராய் அமர்ந்து கூறிய தீர்ப்பின்படி சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அவ்வாறு வந்தது 405 சதுர மைல் நிலமும் 2,39,502 மக்களும். ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஆந்திரத்துக்குச் சென்றது 326 சதுர மைல் நிலமும் 95,546 மக்களும். சத்தியவேடு அவ்வாறு சென்ற பகுதியே.

எண்களைப் படிக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தோன்றுகின்றது. ஆனால் பழைய கார்வேட்டிநகரச் சீமையை மனத்தில் வைத்துப் பாருங்கள். முருகன் குன்று தமிழ்நாட்டில், வேணுகோபாலன் ஆந்திரத்தில். பெண் கொடுத்த பள்ளிப்பட்டு ஒரு மாநிலத்தில். பெண் எடுத்த புத்தூர் வேறு மாநிலத்தில். நிலம் அங்கே, வீடு இங்கே என வாழ்ந்தோர் பலர். கடன் பத்திரம் எழுதிய அலுவலகம் ஒரு சர்க்காருக்கும், கடன் வாங்கியவர் மற்றொரு சர்க்காருக்கும் உரியவராயினர்.

எம் பாட்டனார் புத்தூர்த் தாலுகா கச்சேரி வாயிலில் மனு எழுதிப் பிழைத்தவர். மரப்பெட்டி ஒன்று, மைக்கூடு ஒன்று, மடித்த கோணிப்பை ஒன்று; இவையே அவருடைய அலுவலகம். தெலுங்கு பேச அவருக்குத் தடையில்லை, எழுதத்தான் தெரியாது. அதுவரை அது குறையாகவும் தோன்றியதில்லை. தெலுங்கு மனு வேண்டுவோர்க்கு எழுதப் பக்கத்துப் பெட்டிக்காரர் இருந்தார். தமிழ் மனு வேண்டுவோர் இவரிடம் வருவர். 1953-க்குப் பின் தமிழ் மனுவைக் கையில் வாங்கிய குமாஸ்தாக்கள், "இதனைப் படிப்பார் இனி இங்கு யார்? தெலுங்கில் எழுதி வாரும்" என்று திருப்பத் தொடங்கினர். சட்டம் அவ்வாறு கூறிற்றா என்றால், இல்லை. தெலுங்கை ஆட்சிமொழியாக்கும் சட்டமே 1966-இல்தான் வந்தது. ஆயினும் கச்சேரிக் காற்று சட்டத்துக்கு முன்னரே திசை மாறிவிடும் என்பது அலுவலகத்தில் பணி செய்வோர் அனைவரும் அறிந்ததே.

அவ்வாண்டு தீபாவளிக்கு வீட்டில் புதுத்துணி இல்லை என்று எம் பெரியப்பா சொல்லக் கேட்டுள்ளோம். பெரியப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. இரவில் அவர் உறங்கிய பின் அவருடைய தெலுங்குப் பாடநூலை எடுத்துவைத்துக்கொண்டு, நாற்பதை நெருங்கிய எம் பாட்டனார் அரிக்கேன் விளக்கடியில் 'அ, ஆ' எழுதிப் பழகினார். மகன் விழித்துக்கொண்டால் நூலை மூடிவிடுவாராம். தந்தை மகனிடம் பாடம் கேட்பதில் இழிவில்லை எனினும், அக்காலத்து மனிதர்க்கு அது எளிதாய் இருந்திராது. ஆறு திங்களில் மனு எழுதும் அளவுக்குக் கை திருந்திற்று. ஓராண்டில் அவருடைய தெலுங்கெழுத்து பக்கத்துப் பெட்டிக்காரரின் எழுத்தினும் அழகாய் இருந்ததாகச் சொல்லுவர். இது பெரியப்பாவின் கூற்று. பெற்றவர் பெருமையைப் பிள்ளைகள் சற்றுக் கூட்டிச் சொல்வதும் உண்டு.

1960-இல் எல்லை மீண்டும் நகர்ந்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தோர்க்கு அங்கே தமிழில் மனு வேண்டியதாயிற்று. கைவசமிருந்த பழைய தாள்களோ பல தெலுங்கில் இருந்தன. புத்தூர்ப் பக்கத்தார் நிலையும் இதன் மறுதலையே. இரு மொழியிலும் படித்து, இரு மொழியிலும் எழுதி, இரு கச்சேரியின் நடைமுறையும் தெரிந்த ஆள் அரியராயினர். எம் பாட்டனார் வாரத்தில் மூன்று நாள் புத்தூரிலும் இரண்டு நாள் பள்ளிப்பட்டிலும் பெட்டி வைத்தார். பிரிவினைக்கு முன் பெறாத வருவாயைப் பிரிவினைக்குப் பின் பெற்றார். எம் வீட்டுக் கூரை ஓடாக மாறியது அக்காலத்தில்தான்.

இவ்வாறு இடரையே ஏணியாக்கிக்கொண்டவர் அவர் ஒருவர் அல்லர். நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களில் தறி நெய்த தமிழ்க் குடும்பங்கள் நூலுக்கும் விற்பனைக்கும் இரு மாநிலச் சந்தைகளையும் நாடப் பழகின. கைத்தறி நலிந்தபோது பலர் விசைத்தறிக்கு மாறினர். புத்தூரை அடுத்த ஊரில் எலும்பு முறிவுக்குப் பச்சிலைச் சாறும் முட்டை வெண்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டும் வைத்தியம் 1881 அளவில் தொடங்கிற்று என்பர். எல்லை எங்குச் சென்றால் என்ன? தமிழ்நாட்டின் பேரூர்கள் பலவற்றில் 'புத்தூர் கட்டு' என்னும் பலகை தொங்குகின்றது. கால் முறிந்தவர் அப்புத்தூர் எந்த மாநிலத்தில் உள்ளதென்று கேட்பதில்லை. ஆறும் அப்படியே. கார்வேட்டிநகரத்தை அடுத்த கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்தில் நீர் மிகுந்து மதகு திறந்தால், குசஸ்தலை ஆறாய் வெள்ளம் பள்ளிப்பட்டைத் தாண்டிப் பூண்டி ஏரிக்குச் செல்கின்றது. சென்னைவாசிகள் பருகும் நீரில் எங்கள் ஊர் மழையும் சிறிது கலந்துள்ளது என்று உறவினரிடம் யாம் பரிகாசமாகச் சொல்வதுண்டு.

இருப்புப்பாதையோ தனக்கென வேறோர் எல்லை வகுத்துக்கொண்டது. புத்தூர் நிலையம் இருப்பது ஆந்திரத்தில். ஆனால் அது தென்னக ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. குண்டக்கல் கோட்டமோ 1977 அக்டோபர் 2 அன்று தென்னக ரயில்வேயிலிருந்து தென் மத்திய ரயில்வேக்கு மாற்றப்பட்டது. அக்கோட்டத்தில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்களும் வீடு மாறாமலே வேறிடம் சேர்ந்தன. ஆகவே, கார்வேட்டிநகரத்தார் கதை நம் காலனியார்க்கு முற்றிலும் புதிதாய் இராது.

இதுவரை கூறியது வெற்றிக் கதை. இதனோடு நிறுத்தினால் எம் பாட்டனாரே ஒப்பமாட்டார்.

கச்சேரி வாயிலில் அவரோடு தமிழ் மனு எழுதியவர் மற்றொருவர் இருந்தார். அவர் தெலுங்கெழுத்துப் பழக மறுத்துவிட்டார். "பிழைப்புக்காகக் கையெழுத்தை மாற்றேன்" என்று கூறி, மனைவி மக்களோடு அரக்கோணம் சென்று, ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி, வறுமையிலேயே காலங்கழித்தார். ஊரார் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றனர். சிறு வயதில் யாமும் அவ்வாறே எண்ணினோம். இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் தமிழ் நாளிதழைத் தட்டுத் தடங்கலின்றிப் படிக்கின்றனர். எம் தந்தையார்க்கோ, வீட்டில் மூச்சுக்கு மூச்சு தமிழ் பேசியும், தமிழெழுத்து தெரியாது. அவர் படித்தது தெலுங்குப் பள்ளி. எம் பாட்டனார் தம் கைப்பட எழுதிவைத்த தமிழ்த் தாள்களை அவர் கட்டவிழ்த்துப் பார்ப்பார். பின் அப்படியே கட்டிவைத்துவிடுவார். இரு மொழியிலும் எழுதிக் குடும்பத்தை உயர்த்தியவரின் மகனுக்கு அவற்றுள் ஒன்று மூடிக்கிடந்தது. கச்சேரி, வழக்கு, வரவு செலவு என்று ஓடிய பாட்டனார்க்கு மகனை அமர்த்தி எழுத்துச் சொல்லித்தர நேரம் வாய்க்கவில்லை. வீட்டில் பேசுகிறோமே, போகாது என்று நினைத்துவிட்டார் போலும்.

சட்டம் உதவவில்லையா என்று அன்பர்கள் கேட்கலாம். 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கின்றது. சித்தூர் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் இருந்தன. எம் வீட்டிற்கு நடை தூரத்தில் ஒரு பள்ளியில் தமிழ்ப் பிரிவு இருந்தது. ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றார். அவர் இடத்திற்கு எவரும் வரவில்லை. ஆசிரியர் இல்லாமையால் பிள்ளைகள் குறைந்தனர். பிள்ளைகள் குறைந்தமையால் பிரிவு மூடப்பட்டது. யாரும் தீங்கு எண்ணிச் செய்ததன்று. எவரும் கவனியாததால் நடந்தது. யாம் பள்ளி சேரும் வயதில் அங்கே பூட்டிய அறை ஒன்றுதான் இருந்தது.

எல்லையின் தென்புறத்தும் இதே நிலை உண்டென்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள் 1888-இல் பிறந்தது திருத்தணியில், தெலுங்குக் குடும்பத்தில். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்த பின், அப்பகுதித் தெலுங்குப் பெற்றோர் தம் பிள்ளைகளின் தாய்மொழி எழுத்தைப் பற்றிக் கவலுற்றனர். அவர்தம் கவலையை எம்மால் எளிதில் உணரமுடிகின்றது. அது எம் வீட்டுக் கவலையே.

யாம் தமிழெழுத்துக் கற்றது பள்ளியில் அன்று. புகைவண்டி நிலையப் பலகைகளில். விடுமுறைக்குப் பள்ளிப்பட்டு அத்தை வீட்டுக்குச் செல்லும்போது புத்தூரில் ஏறித் திருத்தணியில் இறங்குவோம். வழியில் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்றொரு சிறு நிலையம் உண்டு. ஒரே சொல்லாய் அமைந்த நிலையப் பெயர்களுள் இந்தியாவிலேயே மிக நீண்டது இதுவே என்பர்; ஆங்கிலத்தில் 28 எழுத்து. அப்பலகையைத் தெலுங்கில் வாசித்து முடிக்கு முன் வண்டி புறப்பட்டுவிடும். அதனைக் கடந்து பொன்பாடி வந்தால் எழுத்து மாறும். தெரிந்த ஊரின் பெயர் தெரியாத எழுத்தில் நிற்கும். பெயர் தெரியுமாதலால் 'பொ' இது, 'ன்' இது என்று ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்ப்போம். எழுத்து விளங்காதபோது அத்தையைக் கேட்போம். பத்து வயதுக்குள் திருத்தணி வரையுள்ள பலகைகள் வசமாயின. அதன்பின் அத்தை வீட்டில் கிடந்த பழைய வார இதழ்கள். அதன்பின் பாட்டனாரின் தாள் கட்டு.

அக்கட்டில் ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்புறம் தமிழ்ச் சொல்லும் வலப்புறம் அதற்குரிய தெலுங்குச் சொல்லும் அந்தந்த எழுத்திலேயே எழுதியிருந்தார். வரப்பு என்றால் கட்டு. கிணறு என்றால் பாவி. வாய்க்கால் என்றால் காலுவ. பங்காளி என்றால் தாயாதி. மேற்படி என்றால் சதரு. எல்லை என்பதற்கு நேரே சரிஹத்து என்று எழுதி, ஏனோ அடிக்கோடிட்டிருந்தார். முதற் பக்கங்களில் தெலுங்கெழுத்து குழந்தை எழுதியதுபோல் பெரிதாகவும் கோணலாகவும் உள்ளது. போகப் போகச் சீர்பட்டு, கடைசிப் பக்கங்களில் தமிழைவிடத் தெலுங்கே அழகாய் இருக்கின்றது. பெரியப்பா கூட்டிச் சொல்லவில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம்.

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேசத்தில் மாவட்டங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டன. திருப்பதி தனி மாவட்டமாகிப் புத்தூர் அதனுள் சென்றது. கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே நின்றது. எங்கள் ஊரார் முகவரித் தாள்களைத் திருத்திக்கொண்டு மறுநாள் வழக்கம்போல் புத்தூர்ச் சந்தைக்குப் போயினர்.

நம் சங்கம் ஞாயிறுதோறும் நடத்தும் தமிழ் வகுப்பில் எம் மகளும் மகனும் சேர்ந்துள்ளனர். மகள் வீட்டில் எம்மோடு தமிழ் பேசுவாள். பள்ளித் தோழியர்க்குத் தெலுங்கில் செய்தி அனுப்புவாள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு அதுவே போதுமென்பாள். பாட்டனாரின் புத்தகத்தைச் சென்ற திங்களில் அவளிடம் கொடுத்தோம். இடப்பக்கத்தில் மூன்று தாள் வரை வந்திருக்கின்றாள். வலப்பக்கம் அவளுக்கு முன்னமே தெரியுமாதலால், இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பின் விலக்கிச் சரிபார்க்கின்றாள். அப்புத்தகத்தைக் காண விரும்பும் அன்பர்கள் மாலை ஆறு மணிக்குமேல் எம் இல்லத்துக்கு வரலாம். தாள் பழையதாதலால் பக்கங்களை மெல்லத் திருப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.